யோசனை கூறும் சபையும் பொருள் வழங்கும் அரசும்



அறக்கட்டளை ஒன்றின் சார்பில் பேச அழைக்கப்பட்டவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பொருள் வைத்துப்போனவர் அதை ஒரே தவணையில் வைத்துப் போய்விட்டார். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் நடைபெற வேண்டும் என்பதற்கு மேல் அவர் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. ஆகவே இன்னதைப் பேசலாம், இன்னதைப் பேசலாகாது என்று எவருடைய முகத்தையும் பார்க்க வேண்டிய அவசியம் பேச வருபவருக்கு நேர்வதில்லை. பொதுப்பணத்தைக் கொண்டு நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவற்றின் ஜீவனம் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்ந்து சட்டசபையில் நிறைவேற வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் உயிரோடும் அதிகாரத்தோடும் எதிரே அமர்ந்திருக்கிறார். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அந்த உரிமை எங்கே முடிகிறது, வித்தையின் சுதந்திரம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காத்து நிற்கும் பொறுப்பைச் சென்ற நூற்றாண்டில் சில தேசங்கள் ஓர் ஆலோசனைச் சபையிடம் ஒப்படைத்தன. அச்சபை எவ்வாறு தோன்றியது, பிறந்த நாட்டில் எவ்வாறு வாழ்ந்து முடிந்தது, நம் நாட்டுக்கு வந்து எத்தகைய மாறுதலை அடைந்தது, இனி நமக்கு எத்தகைய சபை வேண்டும் என்பவையே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயங்கள்.

இடையில் நிற்பவர்

அரசாங்கம் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுப்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. உயர்கல்விக்கென்று மொத்தமாக எவ்வளவு கொடுப்பது என்பது ஒன்று. கொடுப்பதை எந்தெந்த ஸ்தாபனத்துக்கு என்ன விகிதத்தில் பங்கிடுவது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை சொல்லும் உரிமை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே உரியது. ஏனெனில் ஆஸ்பத்திரிக்கும் அணைக்கட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே தாரதம்மியம் கண்டு பொருளை ஒதுக்குவது ஆட்சியின் கடமை. இரண்டாவது கேள்வி அத்தகையதன்று. பௌதிகத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் வேண்டுமென்று ஒருவரும், கல்வெட்டு ஆராய்ச்சிக்கு ஒரு நூலகம் வேண்டுமென்று மற்றொருவரும் வந்து நிற்கும்போது, எது முந்தியது என்று சொல்லும் ஞானம் அமைச்சருக்கோ அவருடைய காரியதரிசிக்கோ இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இருந்தாலும், அவர்கள் அளிக்கும் தீர்ப்பில் பட்சபாதம் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் எழாமல் இராது. பல்கலைக்கழகங்களே தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விடுவதும் ஆகாது. தம் ஸ்தாபனத்தின் தேவையைக் குறைத்துச் சொல்லும் துணைவேந்தரை எந்தத் தேசத்திலும் எவரும் கண்டதில்லை.

ஏரிப்பாசனம் செழிப்பாக நடந்த காலத்தில் நம் கிராமத்தார் இதே சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். நீர்க்கட்டி என்ற ஊர் ஊழியர் மடையைத் திறப்பார், வாய்க்காலை அடைப்பார், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் பாயலாம் என்பதைப் பயிரின் நிலையைப் பார்த்து நிர்ணயிப்பார். பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் அவருக்கென்று நிலம் இராது. அந்த நிலமின்மை அவர் விரும்பி ஏற்ற துறவன்று, சமூகம் அவர்மேல் சுமத்திய குறை என்பதை நாம் மறக்கலாகாது; ஆயினும் விளைச்சலில் பங்கில்லாதவர் என்பதனாலேயே அவருடைய பங்கீட்டுக்கு மதிப்பு இருந்தது என்பதும் உண்மை. கொடுப்பவரையும் சாராமல் பெறுபவரையும் சாராமல் இடையில் நிற்பவர் ஒருவர் வேண்டும் என்ற இந்த எளிய தத்துவமே, பல்கலைக்கழக மானியக் கமிட்டி என்ற பெயரில் பிரிட்டனில் உருவெடுத்தது.

பிரிட்டனில் பிறந்த வழக்கம்

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் தங்கள் நிலபுலன்களின் வருமானத்தில் வாழ்ந்திருக்க, மாஞ்செஸ்டர், லிவர்பூல், லீட்ஸ், பர்மிங்காம் முதலிய தொழில் நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கல்லூரிகள் வர்த்தகர்களின் நன்கொடையையும் மாணவர்களின் சம்பளத்தையும் நம்பித் தள்ளாடிக்கொண்டிருந்தன. 1889-ஆம் ஆண்டில் அத்தகைய பதினோரு கல்லூரிகளுக்கு 15,000 பவுன் மானியம் வழங்க அரசாங்கம் இசைந்தது. அதைப் பங்கிடும் விதத்தைச் சொல்வதற்கு ஒரு சிறு கமிட்டியும் அமைக்கப்பட்டது. பின்னர் 1904-இல் ஹால்டேன் தலைமையில் கூடிய கமிட்டி, இவ்வேலைக்கு நிரந்தரமான சபை ஒன்று தேவை என்று சிபாரிசு செய்தது. முதல் உலக யுத்தம் முடிந்து, பல்கலைக்கழகங்களின் கஜானா வற்றி, யுத்தகளத்திலிருந்து திரும்பிய இளைஞர்கள் வகுப்பறைகளை நிரப்பிய தருணத்தில், 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம், கஜானா இலாகாவின் ஒரு குறிப்பாணையால் பல்கலைக்கழக மானியக் கமிட்டி பிறந்தது.

அது ஒரு சட்டத்தால் பிறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பார்லிமெண்டு அதற்கென்று ஷரத்து ஒன்றையும் இயற்றவில்லை. தண்டிக்கும் அதிகாரத்தையோ தடைசெய்யும் அதிகாரத்தையோ அளிக்கவில்லை. பல்கலைக்கழகக் கல்வியின் பொருளாதாரத் தேவைகளை விசாரிப்பதும், பார்லிமெண்டு அளிக்கும் மானியங்களை எவ்வாறு உபயோகிக்கலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை கூறுவதுமே அதற்கு இடப்பட்ட பணிகள். விசாரணை முதலிலும் யோசனை அதன் பின்னும் வைக்கப்பட்டிருந்த இந்த வரிசையில் ஒரு நீதி இருந்தது. தேவையை நேரில் கண்டறியாதவர் யோசனை கூற அருகதையற்றவர் என்பதே அந்த நீதி. கமிட்டியைக் கல்வி இலாகாவின் கீழ் வைக்காமல் கஜானா இலாகாவோடு நேராக இணைத்ததற்கு ஒரு நிர்வாகக் காரணமும் இருந்தது. கல்வி இலாகாவின் அதிகாரம் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் செல்லாது. ஆனால் அதன் விளைவு நிர்வாகத்தைக் கடந்து சென்றது. பாடத்திட்டத்தில் அக்கறை கொண்ட இலாகாவின் கையில் பணப்பை இல்லை. பணப்பையை வைத்திருந்த இலாகாவுக்குப் பாடத்திட்டத்தில் அக்கறை இல்லை. ஆரம்ப காலத்தில், மானியம் பெறும் ஸ்தாபனங்களில் அப்போது பணியாற்றிவந்த எவரும் அக்கமிட்டியில் அங்கத்தினராக நியமிக்கப்படவில்லை. 1943-க்குப் பின்புதான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது.

அக்கமிட்டியின் நடைமுறையில் மூன்று அம்சங்கள் போற்றத்தக்கவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேவைகளைக் கணக்கிட்டு, அந்த ஐந்தாண்டுக்கும் இன்ன தொகை என்று முன்கூட்டியே தெரிவித்ததனால், ஒரு துறையைத் தொடங்கும் பேராசிரியர் அடுத்த மார்ச் மாதத்துக்குப் பிறகு சம்பளம் உண்டா என்று அஞ்சவேண்டியிருக்கவில்லை. அன்றாடச் செலவுக்கான மானியத்தை இன்ன துறைக்கு இவ்வளவு என்று கூறுபோடாமல் மொத்தமாக வழங்கியதனால், அதைச் செலவிடும் விவேகமும் அந்த விவேகத்தின் பொறுப்பும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்தன. கமிட்டியின் அங்கத்தினர்கள் தாங்களே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சென்று, நிர்வாக சபையாரைத் தனியாகவும், பேராசிரியர்களைத் தனியாகவும், இளைய ஆசிரியர்களையும் மாணவர்களையும் தனித்தனியாகவும் சந்தித்து விசாரித்ததனால், மேலிடத்திலிருந்து வந்த மனுவை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லும் குற்றத்திலிருந்து அது தப்பியது.

இத்தகைய கமிட்டி செயலற்ற சாட்சியாக இருந்துவிடவும் இல்லை. 1946-இல் அதன் பணி விரிக்கப்பட்டது. தேசத்தின் தேவைக்குப் பல்கலைக்கழகங்கள் போதுமானவையாக வளர்வதற்குரிய திட்டங்களை அவற்றோடு கலந்து வகுப்பதும் அதன் கடமையாயிற்று. சர் கீத் மர்ரே தலைவராயிருந்த 1953 முதல் 1963 வரையிலான பத்தாண்டுகளில், ஸஸ்ஸெக்ஸ், யார்க், கிழக்கு ஆங்லியா, எஸ்ஸெக்ஸ், லங்காஸ்டர், கென்ட், வார்விக் என்ற ஏழு புதிய பல்கலைக்கழகங்களை எங்கெங்கே எழுப்புவது என்ற யோசனை அக்கமிட்டியில்தான் உருப்பெற்றது. ஓர் அதிகாரமும் இல்லாத சபை இவ்வளவும் செய்தது எவ்வாறு என்றால், அதன் யோசனையை மறுப்பது மரியாதையன்று என்று கஜானா இலாகா நெடுங்காலம் நினைத்ததனால்தான்.

வழக்கம் தளர்ந்த விதம்

ஆனால் அந்த மரியாதை எந்த அஸ்திவாரத்தின்மேல் நின்றது என்பதையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். கஜானா இலாகாவின் உயர் உத்தியோகஸ்தரும் மானியக் கமிட்டியின் தலைவரும் துணைவேந்தரும் பெரும்பாலும் ஒரே வகுப்பில் பிறந்து, ஒரே இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். கமிட்டி அரசாங்கத்துக்குக் கூறிய யோசனை அந்தரங்கமானது. எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடைத்தது என்பது ஊரறிய வேண்டிய விஷயமாகக் கருதப்படவில்லை. மானியத் தொகை சிறிதாகவும் பழகும் வட்டம் குறுகியதாகவும் இருந்த வரையில் இந்த அந்தரங்கம் தீங்கு செய்யவில்லை. தொகை பெருகியபோது அது தாங்கவில்லை.

1962-இல், வரப்போகும் ஐந்தாண்டுக்குக் கமிட்டி கூறிய யோசனையை அரசாங்கம் முழுமையாக ஏற்க மறுத்தது. 1963-இல் ராபின்ஸ் கமிட்டியின் அறிக்கை உயர்கல்வியின் பெருக்கத்துக்கு வழிகாட்டிற்று. மறு ஆண்டே மானியக் கமிட்டி கஜானா இலாகாவை விட்டுக் கல்வி விஞ்ஞான இலாகாவின் கீழ் வந்தது. 1968 முதல் பல்கலைக்கழகங்களின் கணக்குப் புத்தகங்களை அரசாங்கத்தின் தலைமைத் தணிக்கையாளர் பார்வையிடலானார். 1970-களின் நடுவில் விலைவாசி ஏறிய வேகத்தில் ஐந்தாண்டு ஏற்பாடு உடைந்தது; கமிட்டி ஆண்டுக்காண்டு கைக்கு வந்ததைப் பங்கிடும் நிலைக்கு இறங்கிற்று. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் சொல்ல முடியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, யோசனை கூறுபவர் மெல்ல மெல்ல உத்தரவை நிறைவேற்றுபவராக மாறியது தெளிவாகும்.

அம்மாறுதல் பூரணமானது 1981-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அரசாங்கம் உயர்கல்விச் செலவைக் குறைத்தது. குறைவை எவர்மேல் எவ்வளவு சுமத்துவது என்று தீர்மானிக்கும் பணி கமிட்டியைச் சேர்ந்தது. கமிட்டி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுதிற்று. தொழிற்சாலைகளோடு நெருங்கிய உறவு பூண்டிருந்த ஸால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மானியம் சுமார் 44 சதவீதம் வெட்டப்பட்டது. ஆஸ்டனும் பிராட்ஃபோர்டும் கீலும் பலத்த அடி பெற்றன. யார்க் முதலியவை சிறு காயத்தோடு தப்பின. எந்த அளவுகோலைக் கொண்டு இவ்வாறு அளந்தார்கள் என்பது முழுமையாக வெளியிடப்படவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களுக்காக அரசாங்கத்திடம் வாதாடிய சபையே தங்களைத் தண்டிக்கும் சபையாக நிற்பதைப் பல்கலைக்கழகங்கள் கண்டன. குறைப்பின் பழி அமைச்சரைச் சேராமல் கமிட்டியைச் சேர்ந்தது. 1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அக்கமிட்டியைக் கலைத்து, 1989 ஏப்ரல் முதல் வேறொரு நிதிச் சபையை அமர்த்தியபோது, பழைய கமிட்டிக்காகப் பரிந்து பேசப் பொதுமக்களில் பெருங்கூட்டம் திரளவில்லை. தன் யோசனையைப் பொதுமக்கள் அறியும்படி ஒருபோதும் சொல்லியிராத சபைக்கு அவர்களுடைய ஆதரவு எங்கிருந்து வரும்?

இந்தியாவுக்கு வந்த கமிஷன்

நம் நாட்டில் 1857-இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், வெகுகாலம் வரை பரீட்சை நடத்தும் ஸ்தாபனங்களாகவே இருந்தன. பரீட்சைக் கட்டணம் அவற்றின் ஜீவாதாரம். கற்பிக்கும் வேலை இணைக்கப்பட்ட கல்லூரிகளைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் என்பது பொதுப்பணத்தால் போஷிக்கப்பட வேண்டிய ஆராய்ச்சிக்கூடம் என்ற எண்ணம் தாமதமாகவே இங்கு வந்தது. வந்தபின்பும், கட்டணத்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்ற பழைய எண்ணம் அரசாங்கக் காரியாலயங்களை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

பிரிட்டிஷ் மாதிரியில் ஒரு மானியக் கமிட்டி வேண்டுமென்று 1944-இல் ஸார்ஜென்ட் அறிக்கை கூறிற்று. மறு ஆண்டில் அலிகார், காசி, டில்லி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் பொருட்டு ஒரு கமிட்டி அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின், டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், அதைப் புதுப்பித்து வலுப்படுத்துமாறு சிபாரிசு செய்தது. அக்கமிஷனில் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். 1953 டிசம்பர் 28-ஆம் தேதி மௌலானா ஆஸாத் புதிய பல்கலைக்கழக மானியக் கமிஷனைத் தொடங்கி வைத்தார். விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் முதல் தலைவரானார். 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் அது சட்டபூர்வமான ஸ்தாபனமாயிற்று. நிதியமைச்சர் பதவியை அவ்வாண்டில் துறந்த ஸி. டி. தேஷ்முக் அதன் தலைமையை ஏற்றார்.

பிரிட்டனில் வழக்கத்தால் நின்றதை நாம் சட்டத்தால் நிறுத்தினோம். இதில் ஒரு லாபம் உண்டு. அமைச்சர் மாறியதும் மறைந்துவிடாத ஆயுள் கமிஷனுக்குக் கிடைத்தது. தலைவர் அரசாங்க உத்தியோகஸ்தராக இருக்கலாகாது என்று சட்டமே விதித்தது. தேஷ்முக்கைத் தொடர்ந்து 1961 முதல் 1973 வரை கமிஷனை நடத்திய டி. எஸ். கோத்தாரியின் காலத்தில், அந்தச் சட்டத்தின் நல்ல பகுதி நன்கு பலன் தந்தது. எல்லாத் துறைகளுக்கும் கிள்ளிக் கொடுப்பதை விடுத்து, ஏற்கெனவே தகுதியை நிரூபித்த துறைகளைத் தேர்ந்து உயராய்வு மையங்களாக்கும் ஏற்பாடு 1960-களில் செய்யப்பட்டது. ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் அமைப்பைப் பற்றி நடத்திய ஆராய்ச்சியும், டி. எஸ். சதாசிவன் தாவரவியலிலும் டி. எம். பி. மகாதேவன் தத்துவத்திலும் வளர்த்த துறைகளும் அந்த ஆதரவைப் பெற்றவை. எந்தத் துறை தகுதி வாய்ந்தது என்று அத்துறையை அறிந்தவர்கள் வந்து பார்த்துச் சொன்னார்கள்; பணம் அவர்கள் சொல்லைத் தொடர்ந்து வந்தது. ஆலோசனைச் சபையின் பயனுக்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நாம் வெளியில் தேடவேண்டியதில்லை.

ஆயினும் அச்சட்டத்தில் இரண்டு குறைகள் ஆதியிலிருந்தே இருந்தன. தேவைகளை விசாரிப்பதும் தரத்தைக் காப்பதும் ஒரே சபையின் பொறுப்பில் வைக்கப்பட்டன. விசாரிக்கும் ஷரத்து முதலில் நிற்க, பார்வையிடுவதற்கும், விதிகளை இயற்றுவதற்கும், பணிய மறுக்கும் பல்கலைக்கழகத்தின் மானியத்தை நிறுத்திவைப்பதற்கும் உரிய ஷரத்துக்கள் அதன் பின்னே அணிவகுத்தன. கொள்கை பற்றிய விஷயங்களில் மத்திய அரசாங்கத்தின் கட்டளைக்குக் கமிஷன் உட்பட்டது என்றும் இருபதாவது பிரிவு கூறிற்று. அதிகாரம் உள்ள இடத்தில் ஆலோசனை நெடுநாள் தங்காது. ஆசிரியர் நியமனத்துக்கு என்ன தகுதி, பாடவேளை எத்தனை மணி, பட்டத்தின் பெயர் என்ன என்று விதிகள் பெருகப் பெருக, பல்கலைக்கழகங்கள் கமிஷனைத் தங்கள் வழக்கறிஞராக எண்ணுவதை விட்டு, ஆய்வாளராக எண்ணி அஞ்சத் தொடங்கின. பல்கலைக்கழகக் கல்விக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு பொருள் தேவை, அதில் எவ்வளவு கிடைக்கிறது என்று தேசத்துக்கு உரக்கச் சொல்லும் முதற்கடமை, இந்தச் சந்தடியில் பின்தள்ளப்பட்டது.

மற்றொரு குறை இதனினும் பெரியது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அன்றாடப் பராமரிப்புச் செலவையும் வளர்ச்சிச் செலவையும் கமிஷன் கொடுக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கோ பொதுவாக வளர்ச்சிக்கு மட்டுமே கொடுக்க இயலும். இந்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலுமே படிக்கிறார்கள். அவற்றின் சம்பளமும் ஓய்வூதியமும் மின்சாரக் கட்டணமும் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கமிஷனின் குழு வந்து பார்த்து ஒரு புதிய துறைக்குப் பணியிடங்களை அனுமதிக்கும். திட்டக்காலம் முடிந்ததும் அப்பணியிடங்களின் செலவை மாநிலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு உறுதிமொழி கொடுக்க மாநில நிதித்துறை தயங்கும். கொடுத்தாலும் காலம் வந்தபோது மறக்கும். மத்திய அரசின் பணத்தில் பிறந்த துறை மாநிலப் பணம் கிடைக்காமல் மெலிவது நம் பல்கலைக்கழக வளாகங்களில் பழகிப்போன காட்சி. 1976-ஆம் ஆண்டின் அரசியல் சாசனத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குச் சென்றபின், அதிகாரத்தில் மத்தியின் பங்கு கூடிற்று. பராமரிப்புச் சுமையில் மாநிலத்தின் பங்கு குறையவில்லை.

பன்னிரண்டாம் திட்டத்தோடு 2017-இல் ஐந்தாண்டுத் திட்டங்களே முடிவுற்றன. அத்திட்டங்களின் பெயரால் வந்துகொண்டிருந்த வளர்ச்சி மானியமும் பழைய உருவில் இல்லாமற் போயிற்று. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய உச்சதர் சிக்ஷா அபியான் என்ற ஏற்பாடு மானியக் கமிஷனின் வழியே செல்லாமல் மாநில அரசாங்கங்களின் வழியே பணம் அனுப்பிற்று. 2017-இல் கல்விக்கட்டடங்களுக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கட்டுப்படுத்தும் வேலையையும் மானியம் வழங்கும் வேலையையும் பிரித்துத் தனித்தனி மன்றங்களிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. இப்பிரிவினையை நான் கொள்கையளவில் வரவேற்கிறேன். ஆனால் பிரித்தபின் மானியம் வழங்கும் மன்றம் எவருக்கு யோசனை கூறும், எவர் முன்னிலையில் கூறும் என்பது தெளிவாகும் வரையில், பெயர்ப்பலகை மாறியதாகவே கொள்ள வேண்டியிருக்கும்.

மாநிலத்தில் உள்ள வெற்றிடம்

மாநிலத்தை நோக்கித் திரும்புவோம். ஏனெனில் உண்மையான பசி அங்கேதான் இருக்கிறது. மாநில அளவில் உயர்கல்வி மன்றங்கள் வேண்டுமென்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியதைத் தொடர்ந்து, ஆந்திரம் 1988-இல் ஒரு மன்றத்தை நிறுவிற்று; தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டின் சட்டத்தால் மாநில உயர்கல்வி மன்றம் அமைந்தது. பாடத்திட்டங்களைச் சீராக்குவதிலும் கருத்தரங்குகளை ஊக்குவிப்பதிலும் அது தொண்டு செய்திருக்கிறது. ஆனால் அம்மன்றத்தின் தலைவர் உயர்கல்வி அமைச்சரே. யோசனையைக் கேட்க வேண்டியவரே யோசனை கூறும் சபையின் தலைமையில் அமர்ந்திருந்தால், அங்கே அரசாங்கம் தனக்குத்தானே ஆலோசனை சொல்லிக்கொள்கிறது என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? எந்தத் தனி அமைச்சர்மேலும் குறை கூற நான் இதைச் சொல்லவில்லை. அமைப்பின் இயல்பைச் சொல்கிறேன்.

இடையில் நிற்பவர் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? துணைவேந்தர் கோப்பைச் சுமந்துகொண்டு தலைமைச் செயலகத்துக்கு நடக்கிறார். கடந்த ஆண்டின் தணிக்கை ஆட்சேபம் தீரவில்லை என்று மானியத்தின் ஒரு பகுதி நிறுத்தப்படுகிறது. ஆட்சேபம் எழுந்ததோ, அனுமதி வருவதற்குள் நிரப்பப்பட்ட பணியிடத்துக்குச் சம்பளம் கொடுத்ததனால். நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்ற இடத்தில் கௌரவ விரிவுரையாளர் அமர்த்தப்படுகிறார். குறைவை நிரப்பப் பல்கலைக்கழகம் இணைவிப்புக் கட்டணத்தையும், பரீட்சைக் கட்டணத்தையும், தொலைநிலைக் கல்வியின் வருமானத்தையும் நம்புகிறது. நம்பிய வருமானம் ஒரு விதி மாற்றத்தால் சுருங்கும்போது, ஓய்வூதியம் கொடுக்கவும் பணம் இல்லாமற் போகிறது. 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி முற்றிய பின்பே, 2013-ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசாங்கம் அதன் நிர்வாகத்தை ஏற்றது என்பதை நாம் அறிவோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேர்மையாகக் கணக்குப் பார்த்துச் சொல்லும் சபை ஒன்று இருந்திருந்தால், நெருக்கடி அவ்வளவு முற்றும்வரை அதை அறியாதிருந்தோம் என்று எவரும் கூறியிருக்க முடியாது.

செய்யத்தக்கது

நமக்கு வேண்டிய ஏற்பாட்டின் உருவத்தை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. அது நம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. மத்தியின் வருமானத்தை மாநிலங்களோடு பங்கிட 280-ஆம் ஷரத்து நிதிக் கமிஷனை ஏற்படுத்தியது. அக்கமிஷன் யோசனைதான் கூறுகிறது, உத்தரவிடுவதில்லை. ஆனால் 281-ஆம் ஷரத்து, அக்கமிஷனின் ஒவ்வொரு சிபாரிசையும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையை விளக்கும் குறிப்போடு சேர்த்துப் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் வைக்க வேண்டுமென்று விதிக்கிறது. சிபாரிசை மறுக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. மறுப்பதை மறைக்க உரிமை இல்லை. 73-ஆம் திருத்தத்துக்குப் பின் இதே ஏற்பாடு ஊராட்சிகளுக்கும் வந்தது. மாநில நிதிக் கமிஷன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடி ஊராட்சிகளின் நிதிநிலையை ஆராய்கிறது. அதன் சிபாரிசும் விளக்கக் குறிப்பும் சட்டசபையின் முன் வைக்கப்பட வேண்டும். ஆயிரம் பேர் வாழும் சிற்றூருக்குச் சாசனம் அளித்திருக்கும் இந்தப் பாதுகாப்பு, பல லட்சம் மாணவர்களுக்குப் பட்டமளிக்கும் பல்கலைக்கழகத்துக்கு இல்லை.

ஆகவே மாநிலச் சட்டம் ஒன்றால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் பல்கலைக்கழக நிதி ஆலோசனைக் குழு ஒன்றை நிறுவுதல் வேண்டும் என்பது என் முடிபு. அமைச்சரோ, பணியிலுள்ள அரசாங்க உத்தியோகஸ்தரோ, மாநிலப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றுபவரோ அதில் இடம்பெறலாகாது. ஓய்வு பெற்ற கல்விமான்களும், கணக்கியல் அறிந்தவர்களும், வெளிமாநிலப் பேராசிரியர்களும் இடம்பெறலாம். அக்குழு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேரில் சென்று, ஆட்சிக்குழுவை மட்டுமன்றி ஆசிரியரையும் அலுவலரையும் மாணவரையும் விசாரிக்க வேண்டும். தேவை இவ்வளவு, சொந்த வருமானம் இவ்வளவு, மானியம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கண்டதை அச்சிட்டு வெளியிட வேண்டும். மானியம் மொத்தத் தொகையாகவும் ஐந்தாண்டுக்கு உறுதியுள்ளதாகவும் இருக்க வேண்டும். அரசாங்கம் ஏற்றதையும் ஏற்காததையும் காரணத்தோடு சட்டசபையில் வைக்க வேண்டும். பாடத்திட்டம், நியமனம், அங்கீகாரம் ஆகியவற்றில் அக்குழுவுக்கு ஓர் அதிகாரமும் கொடுக்கலாகாது. கொடுத்தால் நாளடைவில் அதிகாரத்தைச் செலுத்தி யோசனையை மறந்துவிடும்.

இதற்கு எழும் ஆட்சேபங்களை நான் அறிவேன். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் கையைத் தேர்ந்தெடுக்கப்படாத சிலர் கட்டலாமா என்பார்கள். இங்கே எவருடைய கையும் கட்டப்படவில்லை. காரணம் சொல்லும் கடமை மட்டுமே விதிக்கப்படுகிறது. அது ஜனநாயகத்துக்கு விரோதமானதன்று, அதன் இலக்கணம். மாநில நிதிக் கமிஷன்களின் சிபாரிசுகளே தாமதமாகவும் அரைகுறையாகவும் நிறைவேறும்போது மற்றொரு கமிஷனால் என்ன பயன் என்பார்கள். நிறைவேறாத சிபாரிசும் அச்சில் இருக்கும் வரையில் எதிர்க்கட்சியின் கையிலும் பத்திரிகையின் கையிலும் ஓர் ஆயுதம். அச்சேறாத தேவை எவர் கையிலும் இல்லை. பல்கலைக்கழகங்கள் பணத்தை விரயம் செய்கின்றனவே என்பார்கள். சில செய்கின்றன, தணிக்கையை எவரும் விலக்கச் சொல்லவில்லை. செலவானபின் கணக்கைப் பார்ப்பது தணிக்கையாளரின் பணி. செலவுக்கு முன் தேவையைப் பார்ப்பது இக்குழுவின் பணி. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

பிரிட்டிஷ் கமிட்டி அதிகாரமில்லாமல் மரியாதையால் வாழ்ந்தது; மரியாதை போனதும் வீழ்ந்தது. நம் கமிஷன் அதிகாரத்தோடு பிறந்தது. அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ளும் வேகத்தில் ஆலோசனையை இழந்தது. இரண்டிலிருந்தும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே: யோசனை கூறும் சபைக்கு வலிமை தருவது அந்தரங்கமான நட்பும் அன்று, சட்டம் தரும் தண்டமும் அன்று, அது சொன்னதை மக்கள் அறிந்திருப்பதும், அதை மறுப்பவர் மக்கள்முன் காரணம் சொல்ல வேண்டியிருப்பதுமே.

இந்த அவையில் துணைவேந்தர்களாக இருந்தவர்களும், சட்டசபையில் இடம்பெற்றவர்களும், நாளை அவ்விடங்களுக்குச் செல்லப்போகும் இளைஞர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள், உங்கள் ஸ்தாபனத்தின் வரவையும் செலவையும் தேவையையும் சாதாரண மனிதருக்குப் புரியும் தமிழில் இந்த ஆண்டிலேயே அச்சிட்டு வெளியிடுங்கள் என்பது. அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. சட்டசபை அங்கத்தினர்களுக்கு விடுக்கும் வேண்டுகோள், உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கேட்டது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்ற மூன்று கேள்விகளை ஆண்டுதோறும் தவறாமல் கேளுங்கள் என்பது. விடை சபைக்குறிப்பில் ஏறட்டும். குழுவை அமைக்கும் சட்டம் அந்த விடைகளிலிருந்தே பிறக்கும்.